மருத்துவமனைக் கணினியில் நம் பெயர்: எதற்கு எழுதுகிறார்கள், யார் படிக்கிறார்கள்?

வாணியம்பாடியில் அநேகமாக எல்லா வீட்டு பீரோவிலும் ஒரு துணிப்பை இருக்கும். பழைய ஸ்கேன் படங்கள், மடித்து மடித்துக் கிழிந்த மருந்துச் சீட்டுகள், எழுத்து மங்கிப்போன ரத்தப் பரிசோதனை முடிவுகள், என்றோ வேலூருக்கோ பெங்களூருக்கோ போய்வந்த ரயில் டிக்கெட் ஒன்று. வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் முதலில் தேடுவது அந்தப் பையைத்தான். அதில் தேடிய சீட்டு மட்டும் இருக்காது!

இப்போது அந்தப் பையின் வேலையைக் கணினி செய்கிறது. பெரிய மருத்துவமனைகளில் முதல் முறை போகும்போது ஒரு நோயாளி எண் தருகிறார்கள். அதன்பின் எத்தனை முறை போனாலும், எந்த டாக்டரைப் பார்த்தாலும், சர்க்கரை அளவு முதல் அறுவை சிகிச்சைக் குறிப்பு வரை எல்லாம் அந்த எண்ணின் கீழ் சேர்ந்துகொண்டே போகும். அதோடு, சில மருத்துவமனைகளில் பதிவுப் படிவத்தின் கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'என் சிகிச்சை விவரங்களை மருத்துவ ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த சம்மதிக்கிறேன்.' நாமும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் சந்தேகம் வரும். "ஆராய்ச்சி என்றால் என்ன? நம்மை வைத்து மருந்தைச் சோதிக்கிறார்களா?" எங்கள் உறவினர் வீடுகளிலேயே இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறோம். இதை எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். புது மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்ப்பது மருந்துச் சோதனை. அதற்குத் தனியாக விளக்கிச் சொல்லி, தனியாக எழுத்துபூர்வமான சம்மதம் வாங்க வேண்டும். பதிவேடுகளை வைத்துச் செய்யும் ஆராய்ச்சி வேறு. அதில் நம் உடம்பைத் தொடுவதில்லை. ஏற்கெனவே நடந்து முடிந்த சிகிச்சை, ஏற்கெனவே எழுதப்பட்ட குறிப்பு. அப்படி ஆயிரக்கணக்கானவர்களின் குறிப்புகளை ஒன்றாக வைத்து, எந்தச் சிகிச்சை யாருக்கு என்ன செய்தது என்று எண்ணிப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான்.

எண்ணிப் பார்ப்பதில் என்ன கிடைத்துவிடும்? நம் மாநிலத்திலேயே நடந்த ஒரு விஷயத்தைச் சொன்னால் எளிதாகப் புரியும்.

1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. இன்று அதன் கிளைகளில் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் கண் அறுவை சிகிச்சைகள் நடக்கின்றன. கண்புரை அறுவை சிகிச்சை சில நிமிட வேலைதான். ஆனால் அதில் ஓர் ஆபத்து உண்டு. மிக அரிதாக, அறுவை முடிந்த சில நாட்களில் கண்ணுக்குள்ளே கிருமித் தொற்று ஏற்படும். கவனிக்காவிட்டால் பார்வையே போய்விடும். இதைத் தடுக்க, அறுவை முடியும் தறுவாயில் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைச் சிறிதளவு கண்ணுக்குள் செலுத்தும் வழக்கத்தை அரவிந்த் மருத்துவர்கள் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். அந்த மருந்து உண்மையிலேயே பலன் தருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இங்கேதான் சிக்கல். தொற்று வருவது பத்தாயிரத்தில் ஏழு பேருக்கு. ஆண்டுக்கு 2,000 அறுவை செய்கிற மருத்துவமனை என்று வைத்துக்கொண்டால், அங்கே வருடத்துக்கு ஒருவரோ இருவரோதான் பாதிக்கப்படுவார்கள். அடுத்த வருடம் ஒருவருக்கும் வராமல் போனால் அது மருந்தின் பலனா, தற்செயலா? எவ்வளவு கைராசிக்கார டாக்டராக இருந்தாலும் தன் அனுபவத்தை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது.

ஆகவே அவர்கள் பதிவேட்டைத் திறந்தார்கள். 2014 முதல் 2016 வரை அரவிந்தின் பத்து மருத்துவமனைகளில் நடந்த 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்புரை அறுவைகளின் மின்னணுக் குறிப்புகளை எடுத்தார்கள். மருந்து செலுத்தியவர்கள் ஒரு பக்கம், செலுத்தாதவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பக்கத்திலும் ஏறக்குறைய மூன்று மூன்று லட்சம் பேர். மருந்து இல்லாதவர்களில் தொற்று 0.07 சதவீதம். மருந்து பெற்றவர்களில் 0.02 சதவீதம். பத்தாயிரத்தில் ஏழு, இரண்டாகக் குறைந்தது. டாக்டர் ஹரிப்ரியாவும் அவருடைய சகாக்களும், அமெரிக்க மருத்துவர் டேவிட் சாங்கும் சேர்ந்து 2017-இல் இதை வெளியிட்டார்கள். பார்க்கச் சின்ன எண் போலத் தோன்றும். மூன்று லட்சம் பேருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 150 கண்கள். அந்த மருந்தை மதுரையிலேயே அரவிந்தின் ஆரோலாப் தயாரிக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த 6 லட்சம் பேரில் இலவச முகாமில் பேருந்தில் அழைத்துவரப்பட்ட ஏழை முதியவர்களும் இருந்தார்கள், பணம் கட்டிப் படுத்தவர்களும் இருந்தார்கள். யாரும் கூடுதலாக ஒரு ஊசி போட்டுக்கொள்ளவில்லை, கூடுதலாக ஒரு நாள் தங்கவில்லை. அவர்களுடைய கேஸ் ஷீட்டைச் சரியாக எழுதி வைத்திருந்தார்கள், அது போதுமானதாக இருந்தது.

இந்த முறைக்குக் குறை இல்லாமல் இல்லை. மருந்து தொடங்கிய அதே காலத்தில் வேறு ஏதாவது மாறியிருந்தால், பலன் எதனால் வந்தது என்ற குழப்பம் வரும். சீட்டுப் போட்டு இரண்டு பிரிவாகப் பிரித்துச் செய்யும் சோதனைதான் இதைவிட உறுதியானது. ஆனால் பத்தாயிரத்தில் ஏழு பேருக்கு வருகிற ஒன்றைச் சோதிக்க எத்தனை ஆயிரம் பேரைச் சேர்க்க வேண்டியிருக்கும்! அரிதான தீங்கைக் கண்டுபிடிக்கப் பதிவேட்டைப் போல உதவுவது வேறொன்றில்லை. வயோக்ஸ் என்ற பெயரில் உலகமெங்கும் விற்ற ரோஃபெகாக்ஸிப் வலி மாத்திரை 2004-இல் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது நினைவிருக்கலாம். அது மாரடைப்பைக் கூட்டுகிறது என்பதற்கான பலமான சான்றுகளில் ஒன்று, அமெரிக்காவின் கைசர் பெர்மனென்டே மருத்துவக் குழுமத்தின் ஏறத்தாழ 14 லட்சம் பேரின் பதிவேடுகளிலிருந்து வந்தது.

மைசூரில் ஒரு பழைய நோட்டு

கணினி வருவதற்கு முன்பும் இது நடந்திருக்கிறது. மைசூரில் மண்டி மொஹல்லா என்ற பகுதி. நம் மக்கள் நிறைய வாழும் இடம். அங்கே ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை என்று ஒன்று இருக்கிறது, ஊரில் மிஷன் ஆஸ்பத்திரி என்பார்கள். 1934 முதல் அங்கே பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு, தாயின் எடை எல்லாவற்றையும் செவிலியர்கள் எழுதி வைத்தார்கள். எதற்கு என்று அப்போது அவர்களுக்கே தெரிந்திருக்காது.

அறுபது வருடம் கழித்து, 1990-களில், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து வந்த டாக்டர் கரோலின் ஃபாலும் மைசூர் மருத்துவர்களும் அந்தப் பதிவுகளை எடுத்துக்கொண்டு மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடுவீடாகப் போனார்கள். 1934-க்கும் 1954-க்கும் இடையில் அங்கே பிறந்த 517 பேரைத் தேடிப் பிடித்து இதயத்தைப் பரிசோதித்தார்கள். பிறக்கும்போது இரண்டரைக் கிலோவும் அதற்குக் குறைவாகவும் இருந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதய நோய். 3.1 கிலோவுக்கு மேல் இருந்தவர்களில் 3 சதவீதம். தாய் ஒழுங்காகச் சாப்பிடாமல் பலவீனமாக இருந்தால் குழந்தைக்கு ஐம்பதாவது வயதில் அதன் கணக்கு வந்து சேரலாம் என்பதை இந்தியாவில் காட்டிய முதல் ஆய்வுகளில் ஒன்று இது. 1996-இல் லான்செட் இதழில் வந்தது. மண்டி மொஹல்லா பிரசவ அறையில் யாரோ ஒரு செவிலியர் தராசைப் பார்த்து எழுதிய எண்தான் அதன் அடிப்படை.

நமக்குப் பக்கத்திலும் உண்டு. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரத்திலும் கே.வி. குப்பம் கிராமங்களிலும் பிறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் அளவுகளை சி.எம்.சி. மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். அவர்கள் முப்பதை நெருங்கியபோது 2,218 பேரை மறுபடி அழைத்துச் சர்க்கரையைப் பார்த்தார்கள். சிறு வயதில் ஒல்லியாக இருந்து, பிறகு வேகமாக எடை போட்டவர்களிடம் சர்க்கரைக் கோளாறு அதிகம் தெரிந்தது. ஒல்லிப் பிள்ளையைக் 'கொழுகொழு' என்று ஆக்கியே தீருவது என்று பாடுபடும் நம் வீட்டுப் பெண்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

இன்னும் பின்னால் போனால் இமாம் ராஸி. ஹிஜ்ரி 313 வாக்கில் காலமான அபூபக்ர் முஹம்மது பின் ஸகரிய்யா அர்ராஸி, தான் பார்த்த நோயாளிகளைப் பற்றி விடாமல் குறிப்பெழுதியவர். அவருடைய மாணவர்கள் தொகுத்த ஒரு நூலில் மட்டும் ஏறத்தாழ 900 நோயாளிகளின் குறிப்புகள் இருக்கின்றன. மூளைக் காய்ச்சலுக்கு ரத்தம் எடுப்பது பலன் தருமா என்று பார்க்க, ஒரு கூட்டத்தாருக்கு எடுத்தும் இன்னொரு கூட்டத்தாருக்கு எடுக்காமலும் ஒப்பிட்டதாக எழுதியிருக்கிறார். அவருடைய முடிவு இன்றைக்கு நிற்காது. ஆனால் எழுதி வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது.

தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதினோம்?

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் தொழிலால் பிழைக்காத குடும்பம் குறைவு. பாலாற்றுக்கு என்ன ஆனது என்பதையும் நாம் அறிவோம். டேனரிக் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அதே பிரச்சினை 2025 ஜனவரியில் மறுபடி அதே நீதிமன்றத்தின் தீர்ப்பில் நின்றது. நிலத்துக்கும் தண்ணீருக்கும் ஆன சேதத்தை அளந்தார்கள், நஷ்டஈடு பேசினார்கள். நம் உடம்புக்கு என்ன ஆனது?

ட்ரம்மில் குரோம் போட்டுத் தோல் பதனிடுகிறவர்களுக்குக் கையிலும் காலிலும் தோல் வெடிப்பதைப் பார்த்திருக்கிறோம். குரோமியத்தால் வரும் புண் 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருந்தது. அதைப் பார்க்கும் மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் வைத்தது. ஆனால் தோல் புண்ணைத் தாண்டிய கேள்விகள் இருக்கின்றன. இருபது வருடம் ட்ரம்மில் நின்றவருக்கு மூச்சுக் கோளாறு மற்றவர்களைவிட அதிகமா? சிறுநீரகம்? வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைக்கும் பெண்கள், பசை வாடையிலேயே நாள் முழுதும் இருப்பவர்கள், அவர்களுடைய கர்ப்பம், பிரசவம்? திண்ணையில் இதற்கெல்லாம் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். அதில் எது உண்மை என்று தெரிய வேண்டுமானால், டேனரியில் வேலை செய்தவர்களையும் செய்யாதவர்களையும் பிரித்துப் பார்க்க முடிகிற பதிவேடு வேண்டும்.

பதிவேட்டில் என்ன இருக்கிறது? நோயின் பெயர் இருக்கும். ஐ.சி.டி. என்ற சர்வதேசக் குறியீட்டு எண் இருக்கும். ரத்தப் பரிசோதனையும் மருந்தும் இருக்கும். 'தொழில்' என்ற கட்டத்தில்? 'கூலி.' அல்லது 'தனியார்.' பெரும்பாலும் காலி. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ஜோடி தைக்கிற பெண்ணுக்கு 'இல்லத்தரசி'. எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் முப்பது வருடம் டேனரியில் வேலை செய்தவர். அவருடைய ஃபைலைப் புரட்டிப் பார்த்தோம். ஒரு மருத்துவமனையில் 'விவசாயம்' என்று போட்டிருக்கிறார்கள்! அவருக்கு அரைக் காணி நிலம்கூடக் கிடையாது. கேட்டால், "அவங்க கேட்கல, நானும் சொல்லல" என்றார்.

நாளைக்கு யாராவது அந்த மருத்துவமனையின் பதிவுகளை வைத்து டேனரித் தொழிலாளரின் உடல்நலத்தை ஆராய்ந்தால், இவர் ஆரோக்கியமற்ற விவசாயியாகத்தான் கணக்கில் வருவார். கணினி பொய் சொல்லாது என்கிறார்கள். நாம் கொடுத்ததைத் திருப்பிச் சொல்லும், அவ்வளவே.

இதில் ஈ.எஸ்.ஐ. மட்டும் வேறு மாதிரி. அங்கே தொழிலாளியின் காப்பீட்டு எண்ணோடு அவர் வேலை செய்யும் நிறுவனமும் சேர்ந்தே பதிவாகும். அதனால் தொழில்வழி நோயைத் தேடுகிறவருக்கு ஈ.எஸ்.ஐ. பதிவு ஒரு புதையல். ஆனால் ஒப்பந்தக்காரரிடம் பீஸ் கணக்கில் வேலை செய்பவரும் வீட்டில் தைப்பவரும் பெரும்பாலும் ஈ.எஸ்.ஐ.யில் இல்லை. அதிகம் பாதிக்கப்படக் கூடியவர்களே பதிவுக்கு வெளியே நிற்கிறார்கள்.

அடுத்தது பெயர். இதை நாமே சிரித்துக்கொள்வோம், ஆனால் விளைவு சிரிப்பல்ல. முஹம்மது, முகமது, மொஹமத், 'எம்.டி.' என்று ஒரே மனிதருக்கு நான்கு எழுத்துக்கூட்டல். ஆதாரில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, மருத்துவமனையில் ஒன்று. சையத், ஷேக் சில இடத்தில் முன்னால் வரும், சில இடத்தில் காணாமல் போகும். பெண்கள் பிரசவத்துக்குத் தாய்வீட்டு ஊரில் ஒரு பெயரிலும், பிறகு கணவர் ஊரில் இன்னொரு பெயரிலும் பதிவாகிறார்கள். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி 1! இப்படிப் பொருந்தாத பதிவுகளைக் கணினி இரண்டு வெவ்வேறு ஆட்களாக எடுத்துக்கொள்ளும். இங்கிலாந்தில் மருத்துவமனைப் பதிவுகளை இணைத்துப் பார்த்த ஆய்வுகளில், சிறுபான்மை இனத்தவரின் பதிவுகளே அதிகமாக விடுபட்டுப் போவதைக் கண்டார்கள். நம் பதிவு விடுபட்டால், நமக்கு வரும் நோயும் கணக்கில் விடுபடும்.

ரகசியம் காக்கப்படுமா?

இதுவரை படித்தவர்கள் மனதில் இந்தக் கேள்வி இருந்திருக்கும். நியாயமான கேள்வி. மருத்துவரிடம் சொன்னது அமானிதம். பெண் பார்க்க வரும் இடத்தில், 'அந்த வீட்டில் வலிப்பு இருக்கிறதாமே' என்ற ஒரு பேச்சு போதும், ஒரு பிள்ளையின் திருமணம் நின்றுபோக. நம்மைப் போல உறவுக்குள் திருமணம் செய்யும் குடும்பங்களின் பதிவு மரபணு நோய் ஆய்வுக்கு மிகவும் பயன்படும். அதனாலேயே அது வெளியே கசிந்தால் நமக்குத்தான் அதிக சேதம்.

ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் முன் பெயர், விலாசம், தொலைபேசி எண், நோயாளி எண் எல்லாவற்றையும் நீக்க வேண்டும் என்பது விதி. பெரிய ஊர்களில் அது ஓரளவு போதும். சின்ன ஊரில் போதாது. 'வாணியம்பாடி, ஆண், 43 வயது', கூடவே ஓர் அரிய நோயின் பெயர் என்று இருந்தால், பெயர் எதற்கு? பஜாரில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஆகவே ஊர்ப் பெயரை மாவட்டமாகவும், வயதை 40 முதல் 45 என்றும் மாற்றித்தான் தர வேண்டும். நல்ல ஆய்வாளர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

கணினி உடைபடும் ஆபத்தும் உண்டு. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளை இணையத் திருடர்கள் முடக்கினார்கள். சுமார் இரண்டு வாரம் சீட்டைக் கையால் எழுதினார்கள். நாட்டின் முதன்மையான மருத்துவமனைக்கே அந்த நிலை.

மக்களிடம் ஒழுங்காகச் சொல்லாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தைப் பார்க்கலாம். எல்லாக் குடும்ப மருத்துவர்களின் பதிவுகளையும் ஒரே இடத்தில் திரட்ட 2013-இல் 'கேர் டாட் டேட்டா' என்ற திட்டம் கொண்டுவந்தார்கள். வீடுகளுக்குத் துண்டறிக்கை போட்டார்கள், பலர் அதைப் பார்க்கவே இல்லை. யாருக்கு விற்பார்கள் என்ற பயம் பரவியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் பதிவைத் தர மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். 2016-இல் திட்டத்தையே மூடினார்கள். அதே நாட்டில் 2020 கொரோனா காலத்தில் 'ஓப்பன்சேஃப்லி' வந்தது. ஒரு கோடியே 70 லட்சம் பேரின் பதிவுகள். ஆனால் யாரும் பதிவை வெளியே எடுத்துப் போகவில்லை. ஆய்வாளர் தன் கேள்வியை எழுதி அனுப்புவார், பதிவு இருக்கும் இடத்திலேயே கணக்கு ஓடும், விடை மட்டும் வெளியே வரும். யார் என்ன கேட்டார் என்பதும் பகிரங்கமாக இருக்கும். தெற்காசியர்களுக்குக் கொரோனா மரண ஆபத்து கூடுதல் என்பதை அது காட்டியது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 2023-இல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் விவரங்களை எடுக்க நம் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆனால் ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் அதில் விலக்கு இருக்கிறது, அந்த விவரத்தைக் கொண்டு குறிப்பிட்ட நபரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. நம் பார்வையில் இந்த விலக்கு கொஞ்சம் அகலமாகவே இருக்கிறது. அப்படியானால் காவல் யார்? மருத்துவமனையின் நெறிமுறைக் குழு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, பழைய பதிவுகளைக் கொண்ட ஆய்வுக்கும் இந்தக் குழுவின் அனுமதி வேண்டும். ஆபத்து மிகக் குறைவு, அடையாளம் நீக்கப்பட்டிருக்கிறது என்றால் தனித்தனிச் சம்மதம் வேண்டாம் என்று குழு சொல்லலாம். குழுவின் தலைவர் அந்த நிறுவனத்தைச் சாராதவராக இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவர் ஒருவரும், மருத்துவரல்லாத சாதாரணக் குடிமகன் ஒருவரும் இருக்க வேண்டும். இந்தக் கடைசி இடத்துக்கு ஆள் தேடித் திண்டாடும் நிறுவனங்கள் உண்டு. 1919 முதல் கல்லூரி நடத்தும் ஊர் நம்முடையது. ஓய்வு பெற்ற பேராசிரியர்களுக்கு இங்கே பஞ்சமில்லை.

இப்போது பல மருத்துவமனைகளில் கேட்கும் ஆபா எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் கொண்டுவந்த 14 இலக்க எண் அது. கட்டாயமில்லை. அது இல்லை என்று சிகிச்சையை மறுக்கக் கூடாது. பதிவுகள் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும், வேறு மருத்துவர் பார்க்க நம் கைப்பேசியில் அனுமதி கேட்கும். அனுமதியைப் பிறகு திரும்பப் பெறவும் முடியும். கைப்பேசி மகன் கையில் இருக்கிறது, நோய் அம்மாவுக்கு என்றால், அனுமதியை அழுத்துமுன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

அடுத்த முறை போகும்போது நாம் செய்யக் கூடியது அதிகமில்லை. ஆதாரில் உள்ள எழுத்துக்கூட்டலையே எங்கும் சொல்வது, பழைய நோயாளி எண்ணைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு புதிது போடாமல் இருப்பது. சம்மத வரியைப் பார்த்தால் 'பெயரை நீக்கித் தருவீர்களா, வெளி நிறுவனத்துக்குப் போகுமா, நெறிமுறைக் குழு அனுமதித்ததா' என்று கேட்பது. வேண்டாம் என்றாலும் சிகிச்சை குறையக் கூடாது, அது நம் உரிமை. உள்நோயாளியின் பதிவை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்றும், நாம் கேட்டால் 72 மணி நேரத்தில் பிரதி தர வேண்டும் என்றும் 2002-ஆம் வருட மருத்துவக் கவுன்சில் விதி இருக்கிறது. பலருக்கு இது தெரியாது.

அந்தப் பெரியவரை மறுபடி அழைத்துப் போனபோது, கவுண்டரில் இருந்த பெண்ணிடம் தொழிலைத் திருத்தச் சொன்னோம். "இப்ப வேலைக்குப் போறாரா?" என்றார். இல்லை, நின்று எட்டு வருடம் ஆகிறது என்றோம். "அப்ப எதுக்குங்க?" என்றார். விளக்கிச் சொன்னோம். தட்டச்சு செய்தார்: டேனரி, ட்ரம் வேலை, 30 வருடம்.